நடத்துகிறோமா, இழுக்கிறோமா?



நாடகம் என்றதும் மேடையும் ஒப்பனையும் கைதட்டலுமே எம் நினைவுக்கு வரும். ஆனால் பார்வையாளர் எவருமின்றி, பங்குபற்றுவோர் தம்மைத் தாமே அறிந்துகொள்வதற்கென நடத்தப்படும் அரங்கப் பயிற்சிகளும் உண்டு. பிரேசில் நாட்டு அரங்கியலாளர் அகுஸ்தோ போவால் (1931–2009) இத்தகைய பயிற்சிகள் பலவற்றை வகுத்தார். தொட்டும் உணராமல், கேட்டும் செவிமடுக்காமல், பார்த்தும் காணாமல் வாழ்கின்ற மனிதரின் புலன்களை விழிப்படையச் செய்வதே அவற்றின் நோக்கம்.

இது எமக்கு முற்றிலும் புதிதன்று. 1548இல் பாப்பரசர் மூன்றாம் பவுல் அங்கீகரித்த புனித இஞ்ஞாசியாரின் ஞானப்பயிற்சி நூல், நற்செய்திக் காட்சிகளுள் ஐம்புலன்களோடும் நுழையும்படி செபிப்பவரை அழைக்கின்றது. பெத்லகேமில் திருக்குடும்பத்தின் அருகே ஓர் ஏழைப் பணியாளனாக நின்று பார்க்கவும் கேட்கவும் கற்பிக்கின்றது.

எளிய பயிற்சி ஒன்றைக் கவனியுங்கள். இருவரில் ஒருவர் கண்களை மூடிக்கொள்வார். மற்றவர் அவரது கையைப் பிடித்து, வாய்பேசாது, முற்றத்தைச் சுற்றி நடத்துவார். வேப்பம்பட்டையின் சொரசொரப்பு, திண்ணையின் குளிர்ச்சி, மல்லிகையின் மணம் யாவற்றையும் உணரச் செய்வார். பத்து நிமிடத்தின் பின் இருவரும் இடம் மாறுவர்.

முடிவில் அமர்ந்து பகிர்ந்துகொள்வதே இப்பயிற்சியின் உயிர். ‘நான் நடத்தினேனா, இழுத்தேனா? பிறர் கையை நம்ப என்னால் முடிந்ததா?’ மகனை அவசரமாக இழுத்துச் சென்ற தகப்பனார், வீட்டிலும் தாம் அப்படித்தானோ என்று எண்ணத் தொடங்குவார். நூறு புத்திமதிகள் செய்யாததை இந்த ஒரு கேள்வி செய்துவிடக்கூடும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். 2009இல் முடிவுற்ற போரின் காயங்கள் எம்மவர் பலரின் உள்ளத்தில் இன்னும் ஆறவில்லை. இருளும் திடீர்ச் சத்தமும் சிலருக்குப் பழைய பயத்தை மீட்டுவிடும். ஆகவே எவரையும் கண்மூடும்படி வற்புறுத்தலாகாது. விரும்பாதவர் கண் திறந்தபடியே பங்குபற்றட்டும். இடையில் நிறுத்திக்கொள்ளவும் அவருக்கு உரிமையுண்டு. பிறரை அழவைப்பது எமது நோக்கமன்று.

எரிக்கோ வீதியோரத்தில் பார்வையற்றிருந்த பர்த்திமேயுவை ஆண்டவர் எடுத்த எடுப்பிலேயே குணமாக்கவில்லை. அவன் விரும்புவது யாதென முதலில் கேட்டார். தன் உள்ளத்தைத் தானே அறிந்து சொல்ல அவனுக்கு இடமளித்தார்.

வரும் ஞாயிறு மாலை, குடும்பச் செபத்திற்கு முன் இப்பயிற்சியைச் செய்து பாருங்கள். பிள்ளையின் கையைப் பற்றுமுன் அதன் விருப்பத்தைக் கேளுங்கள். பின்னர் உங்கள் கண்களை மூடி, அந்தச் சின்னக் கை உங்களை நடத்த விடுங்கள்.