ஆடாதோடையும் அறிவியல் சான்றும்

நுழையும்முன்
வழிவழியாகப் பயன்பட்டு வரும் மூலிகை ஒன்று நோயைத் தணிக்கிறது என்பதை எவ்வாறு உறுதி செய்வது? ஆடாதோடையைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

சளி வெளிப்படாத இருமலே வறட்டு இருமல். தூசு, புகை, நோய்த்தொற்று ஆகியவை தொண்டையிலும் மூச்சுக்குழலிலும் உள்ள நரம்பு முனைகளை உறுத்தும்போது அது எழுகிறது. பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் இயங்கும் நெய்வேலி போன்ற ஊர்களில் மூச்சு நலம் பற்றிய அறிவு இன்றியமையாதது.

இருமலுக்குத் தமிழர் நாடும் மூலிகைகளுள் ஒன்று ஆடாதோடை. 'ஆடு தொடா இலை' என்பதே இவ்வாறு மருவியது என்பர். தாவரவியலார் இதனை 'ஜஸ்டிசியா அதத்தோடா' என அழைக்கின்றனர். சித்த மருத்துவர்கள் இதன் இலையைக் குடிநீராகவும் மணப்பாகாகவும் வழங்குகின்றனர்.

உதகமண்டலத்தில் அரசு வேதியியலாளராகப் பணியாற்றிய டேவிட் ஹூப்பர், 1888ஆம் ஆண்டு இவ்விலையிலிருந்து 'வாசிசின்' என்னும் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தார். பிற்காலத்தில் அதன் மூலக்கூற்று அமைப்பை அடியொற்றிப் 'புரோம்ஹெக்சின்' என்னும் மருந்து உருவாயிற்று. அதன் வழியே 'அம்ப்ராக்சால்' பிறந்தது. இவ்விரண்டும் இன்று பல நாடுகளில் வழங்குகின்றன.

ஆயினும், இவ்வெற்றியை வறட்டு இருமலுக்கான சான்றாகக் கொள்ளலாகாது. அம்மருந்துகள் கெட்டியான சளியை இளக்கி வெளியேற்றுபவை. வறட்டு இருமலிலோ இளக்குவதற்குச் சளியில்லை. வறட்டு இருமலுக்கு நெருங்கிய சான்று, 1999ஆம் ஆண்டு வெளியான விலங்காய்வு ஒன்றில் கிடைக்கிறது. உறுத்தும் நுண்துளிகளால் இருமல் தூண்டப்பட்ட கினிப்பன்றிகளுக்கு ஆடாதோடைச் சாறு வாய்வழியாகத் தரப்பட்டபோது, அது கோடீனுக்கு நிகராக இருமலைத் தணித்தது. சிரைவழிச் செலுத்தியபோதோ அதன் ஆற்றல் கோடீனைவிடப் பன்மடங்கு குறைந்தது. மேலும், அங்கு ஆராயப்பட்டது முழுச்சாறே. தனித்த வாசிசின் அன்று.

விலங்கிடம் கண்ட பயன் மனிதரிடமும் கிட்டும் என்பதற்கு உறுதியில்லை. எனவே, நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினருக்கு மருந்தும் மற்றொரு குழுவினருக்கு அதுபோன்ற வெற்றுப்பொருளும் அளித்து ஒப்பிடுதல் வேண்டும். இருமல் பெரும்பாலும் தானே தணியும் இயல்புடையது. ஒப்பீடு இல்லையெனில், காலம் தந்த நலத்தை மருந்து தந்ததாகக் கருத நேரும்.

இயற்கைப்பொருள் என்பதால் தீங்கற்றது என எண்ணுதலும் பிழை. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையுடையது. ஆதலின் கருவுற்ற பெண்கள் ஆடாதோடையைத் தவிர்த்தல் வேண்டும். இரு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல் காசநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அந்நிலையில் மருத்துவரை நாடிப் பரிசோதித்துக்கொள்வதே கடமை.

முன்னோர் அனுபவம் எந்த இலையை ஆராய வேண்டும் என்று வழிகாட்டியது. அவ்விலை எந்நோய்க்கு, யாருக்கு, எவ்வளவு பயன்தரும் என்பதை முறையான ஆய்வே தெளிவுபடுத்தும்.