உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை: ஆயத்தமாகும் முறை

உடல், அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதம். நோயுற்றால் மருத்துவம் தேடுவது மார்க்கம் காட்டிய வழியே. அளவு மீறிய பருமனால் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, உறக்கத்தில் மூச்சுத் தடை முதலிய நோய்களுக்கு ஆளானோருக்கு இன்று இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. “இது கூடுமா?” என்று கேட்போர் பலர்; “இதற்கு எவ்வாறு ஆயத்தமாவது?” என்று கேட்போர் சிலரே.

முதற் கேள்விக்கு விடை நிய்யத்தில் இருக்கிறது. வெறும் அழகுக்காக உடலை வெட்டி மாற்றுவது கூடாது; நோயை நீக்கச் செய்வது கூடும் என்பதே உலமாக்கள் பொதுவாகக் கூறுவது. மருத்துவர்களும் அழகை அளவுகோலாகக் கொள்வதில்லை. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இருமுறை வகுத்து வரும் எண்ணைப் பார்க்கின்றனர். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 90 கிலோ இருந்தால் அந்த எண் சுமார் 35. இத்துறையின் சர்வதேசச் சங்கங்கள் 2022இல் வெளியிட்ட நெறிமுறையின்படி 35க்கு மேற்பட்டோருக்கு இச்சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. ஆசிய மக்களுக்கு 27.5க்கு மேலேயே இதைப் பற்றி ஆலோசிக்கலாம்.

பரவலாகச் செய்யப்படும் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெட்டி எடுக்கப்படுகிறது. எடுத்ததைத் திரும்ப வைக்க இயலாது. ஆகவே பின்வருவனவற்றை முன்கூட்டியே கவனிக்க வேண்டும்:

1. மருத்துவரிடம் எதையும் மறைக்கலாகாது. பீடி, சிகரெட், புகையிலை, நாட்டு மருந்து, இரவில் யாரும் அறியாமல் உண்ணும் பழக்கம் அனைத்தையும் சொல்லிவிட வேண்டும். புகைப்பதைக் குறைந்தது 6 வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். புகை, காயம் ஆறுவதைக் கெடுக்கும்.

2. அறுவைக்கு முந்திய சுமார் 2 வாரங்கள், மருத்துவர் குறிக்கும் குறைந்த உணவையே உட்கொள்ள வேண்டும். பருத்தவர்களின் ஈரலில் கொழுப்பு தேங்கி அது வீங்கியிருக்கும். இரைப்பை ஈரலுக்கு அடியில் இருப்பதால், ஈரல் சுருங்கினால்தான் கருவிகளுக்கு இடம் கிடைக்கும். இந்நாட்களில் வலீமா விருந்துக்கு அழைத்து, “ஒரு பிடி பிரியாணி சாப்பிட்டால் என்ன?” என்று வற்புறுத்துவது அன்பாகாது. நீரிழிவு மருந்தின் அளவையும் மருத்துவர் சொற்படி மாற்ற வேண்டும். மாற்றாவிடில் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம்.

3. சிறு கவளமாக எடுத்து, நன்றாக மென்று, பசி அடங்கியதும் கையை எடுத்துவிடப் பழக வேண்டும். உணவோடு தண்ணீர் அருந்தும் பழக்கத்தையும் விட வேண்டும். அறுவைக்குப் பின் இவை கட்டாயமாகிவிடும்.

4. பாக்கியுள்ள களா நோன்புகளை, மருத்துவர் அனுமதித்தால், முன்னரே நிறைவேற்றிவிடுவது நலம். பின்னர் நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் நீரைச் சிறிது சிறிதாகவே பருக முடியும் என்பதால், முதல் சில மாதங்களில் நோன்புக்கு அனுமதி கிடைப்பது அரிது. அவ்வாறு விடுபடும் ரமலான் நோன்புகளை நலம் பெற்றபின் களாச் செய்ய வேண்டும். குணமாகும் நம்பிக்கை உள்ளவருக்கு ஃபித்யா மட்டும் போதாது.

5. இரத்தம் உறையாதிருக்கப் போடும் ஊசி மருந்துகளில் சில, பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகின்றன. மாற்று மருந்து உண்டா என்று மருத்துவரிடம் முன்பே விசாரிக்க வேண்டும். இல்லையெனில், நிர்ப்பந்த நிலையின் சட்டத்தை ஆலிமிடம் கேட்டுத் தெளிய வேண்டும். யாரையும் கேளாமல் ஊசியை மறுத்து உயிரை ஆபத்தில் தள்ளக் கூடாது.

6. ஒளுச் செய்ய இயலாதபோது தயம்மும், கட்டின் மேல் மஸஹ், உட்கார்ந்தும் படுத்தும் தொழும் முறை ஆகியவற்றை முன்பே கற்றுக்கொள்ள வேண்டும். மருத்துவமனையில் இருப்பது தொழுகையை விடக் காரணமாகாது.

7. பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. இதைக் கணவனும் மனைவியும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். வைட்டமின் மாத்திரைகளையும் ஆயுள் முழுதும் தொடர வேண்டியிருக்கும்.

இவற்றில் ஏதேனும் ஒன்று இப்போது இயலாது என்று தோன்றினால், மருத்துவரிடம் கூறி நாளைத் தள்ளிவைப்பதில் வெட்கமில்லை. இஸ்திகாராத் தொழுது, குடும்பத்தாரோடு கலந்து முடிவு செய்க. அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.