மேடேறினால் ஹீட்டர் காற்று திசை மாறுகிறதா?

1990-களில் அமெரிக்காவில் ஓடிய ஃபோர்டு எக்கோனோலைன் போன்ற வேன்களில், ஹீட்டர் காற்றைக் காலுக்கும் முகத்துக்கும் திருப்பிவிடுவது என்ஜின் உறிஞ்சும் வெற்றிடம்தான். டாஷ்போர்டுக் குமிழைத் திருப்பினால், மெல்லிய குழாய் வழியே அந்த வெற்றிடம் ரப்பர் சவ்வு வைத்த சிறு டப்பாவை இயக்கும். டப்பா காற்றுக் கதவை இழுக்கும்.

வெற்றிடம் கசிந்தால், குமிழை எங்கே வைத்தாலும் காற்று முன்கண்ணாடிக்கே போகும். தெரிந்தே செய்த ஏற்பாடு இது. பனி நாட்டில் கண்ணாடி மறைந்துவிடக் கூடாதே!

சமதரையில் சரியாக இருந்து, மேடேறும்போது மட்டும் காற்று கண்ணாடிக்குத் தாவுகிறதா? ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வெற்றிடம் குறையும். அப்போது கைகொடுக்க வேண்டிய சேமிப்புக் கலனிலோ ஒருவழி வால்விலோதான் பழுது. வால்வைக் கழற்றி ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும்.

எப்போதுமே கண்ணாடிக்குத்தான் என்றால், முதல் சந்தேகம் குழாய்மீது. என்ஜின் சூட்டில் காய்ந்து, விரலால் வளைத்தாலே நொறுங்கும். முனையிலுள்ள ரப்பர் இணைப்பு வெடித்திருக்கும். என்ஜின் ஓடும்போது 'உஸ்' சத்தம் காட்டிக்கொடுக்கும் (ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக் கூடாது). டேப் சுற்றுவது வீண்வேலை. சூட்டில் பசை இளகிவிடும். அதே உள்விட்டமுள்ள வெற்றிடக் குழாயை மாட்டுங்கள்.

குழாய் நன்றாக இருந்தால், கை வெற்றிடப் பம்பை டப்பாவில் மாட்டி இழுங்கள். முள் நிற்காமல் இறங்கினால் சவ்வு கிழிந்திருக்கிறது. டப்பாவையே மாற்ற வேண்டும்.

பெரிய கசிவு என்ஜினின் ஐடிலிங்கையும் கெடுக்கும். கோடைதானே என்று தள்ளிப்போடாதீர்கள்.