மூச்சிரைப்பிலும் ஆண், பெண் பேதம்

குளிர்காலம் வந்தால் டில்லி போன்ற வடக்கத்தி ஊர்களில், மூச்சிரைப்புடன் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் கூட்டம் பெருகிவிடும். இவர்களில் பலருக்கு இருப்பது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். டாக்டர்கள் சுருக்கமாக சி.ஓ.பி.டி. என்பார்கள். சளியோ புகைமூட்டமோ தூண்டிவிட, ஏற்கெனவே உள்ள இரைப்பு இரண்டொரு நாளில் தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிடும். ஆண் வார்டிலும் பெண் வார்டிலும் வியாதியின் பெயர் ஒன்றுதான். வந்த வழி வேறு.

ஆண்களுக்குப் பெரும்பாலும் பீடி, சிகரெட். நம் நாட்டுப் பெண்களில் புகை பிடிப்பவர்கள் மிகச் சிலரே. அவர்களுக்கு வியாதி அடுப்படியிலிருந்து வந்தது. விறகு, வரட்டி, கரி என்று புகைபோக்கி இல்லாத சமையலறையில் ஊதுகுழலும் கையுமாக முப்பது, நாற்பது வருஷம்! 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் கோடிக்கணக்கான வீடுகளுக்கு காஸ் இணைப்பு கிடைத்தது. ஆனால் அதற்கு முன் நுரையீரலில் ஏற்பட்ட சேதம் காஸ் வந்ததால் சரியாகிவிடாது. (இங்கே குளிருக்கு அறையை மூடிக்கொண்டு அங்கீட்டி மூட்டுகிற பழக்கம் இன்னும் ஆபத்தானது. அதன் விஷவாயு ஒரே இரவில் உயிரை வாங்கும்.)

உடலமைப்பும் ஒரு காரணம். நுரையீரலின் கொள்ளளவு ஒன்றாகவே இருந்தாலும், பெண்களின் மூச்சுக்குழாய்கள் சராசரியாகச் சற்றுக் குறுகலானவை. குழாய் வேலை தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். பாய்சொய் விதிப்படி, சீரான ஓட்டத்தில் குழாயின் விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தடை சுமார் ஒன்றரை மடங்காகும். பாதியாகக் குறைந்தால் பதினாறு மடங்கு! கிளை கிளையாகப் பிரியும் மூச்சுக்குழாய்க்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் குறுகிய குழாயில் சிறு வீக்கமும் சளியும் அதிகத் தொல்லை தரும்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. அமெரிக்கா, கனடா டாக்டர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2001-ல் வெளியாயிற்று. ஒரே நோயாளியின் விவரத்தைச் சிலரிடம் ஆண் என்றும், சிலரிடம் பெண் என்றும் கொடுத்தார்கள். ஆண் என்றபோது சி.ஓ.பி.டி. என்று சொன்னவர்கள் அதிகம். பெண் என்றபோது குறைவு. ஸ்பைரோமெட்ரி முடிவைக் காட்டிய பிறகு இந்த வித்தியாசம் குறைந்துவிட்டது. லண்டனில் ஜான் ஹட்சின்சன் 1846-ல் விவரித்த கருவியின் வழிவந்த எளிய சோதனை இது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகு, பலமாக ஊதும் மொத்தக் காற்றில் முதல் விநாடியில் வெளிவருவது 70 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அடைப்பு உண்டு என்று பொருள்.

ஆஸ்பத்திரியில் சேருகிறவர்களிடம் கூட வரும் வியாதிகளும் வேறுபடுகின்றன. ஆண்களுக்கு இருதய நோய் அதிகம். பெண்களுக்கு எலும்பு பலவீனமும், பயம், மனச்சோர்வும் அதிகம். சோதனையில் ஒரே அளவு அடைப்பு தெரிந்தாலும் பெண்கள்தான் கூடுதலாக இரைப்பதாகச் சொல்கிறார்கள். 'வீணாகப் பயப்படுகிறாள்' என்று வீட்டார் தள்ளிப்போடுவது இதனால்தான். அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட நேர்ந்த பெண்மணிகள் எலும்பைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அம்மாவையோ மாமியாரையோ அழைத்துப் போகிறவர்கள், எத்தனை வருஷம் விறகடுப்பில் சமைத்தார்கள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். உபயோகிக்கும் இன்ஹேலரையும் கையோடு கொண்டுபோய், அவர்கள் அதை இழுக்கும் முறை சரிதானா என்று காட்டுங்கள். மூச்சு முட்டுகிறதே என்று ஆக்சிஜனை நீங்களாகக் கூட்டி வைக்காதீர்கள். இந்த நோயாளிகளுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் இருக்கும்படிதான் பொதுவாக டாக்டர்கள் கொடுப்பார்கள். அதற்கு மேல் போனால் கரியமிலவாயு உடலில் தேங்கி மயக்கம் வரலாம்.