சர்வதேச உதவிப் பணி, கொள்கை ஆய்வு: நுழையும் வழி

சர்வதேச உதவிப் பணிக்கும் கொள்கை ஆய்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வைப் போல ஒரே வாசல் கிடையாது. உதவிப் பணி என்பது திட்டத்தை நடத்துவது. ஆய்வு என்பது அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்ப்பது. இரண்டுக்கும் களமும் கணக்கும் தெரிய வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டக் கடம்பத்தூர்க்காரருக்குக் களம் பக்கத்திலேயே இருக்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமை முறையை ஒழிக்க, ஜெனீவாவிலுள்ள சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2008-ல் முன்னோடித் திட்டம் தொடங்கியது. உலக அமைப்புகள் தேடி வந்த ஊர்ப்பக்கம் இது.

முதலில் ஒரு பட்டம். பொருளாதாரம், புள்ளியியல், சமூகப்பணி, வேளாண்மை எதுவானாலும் சரி. கூடவே எக்செல், பிறகு ஸ்டேட்டா அல்லது இலவசமாகக் கிடைக்கும் ஆர் மென்பொருள். பயிற்சிக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்வாரி அட்டவணைகளும், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் மாவட்ட அறிக்கையும் போதும். அவற்றை வைத்துச் சொந்த ஒன்றியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதிப் பார்க்கலாம். நேர்காணலில் சான்றிதழ்க் கட்டைவிட அது பேசும்.

அடுத்தது கேள்வி கேட்கப் பழகுவது. பலர் சறுக்குவது இங்கேதான். சூளையில் “மாத வருமானம் எவ்வளவு?” என்று கேட்டால் விடை வராது, வந்தாலும் தப்பாக வரும். அங்கே மாதச் சம்பளமே இல்லை. சீசனுக்கு முன் அட்வான்ஸ், வாரச் செலவுக்குக் கொஞ்சம், கடைசியில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கழித்துக் கணக்கு முடிப்பது. ஆகவே எவ்வளவு அட்வான்ஸ், வாரம் என்ன கைக்கு வந்தது, எத்தனை பேர் கல் அறுத்தார்கள் என்று பிரித்துக் கேட்க வேண்டும். மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது கேட்கவே கூடாது.

முதுகலைக்குச் சென்னைப் பொருளியல் பள்ளி, டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் ஆகியவை உண்டு. முனைவர் பட்ட ஆய்வுக்கு அடையாற்றில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். அதை 1971-ல் நிறுவிய மால்கம் ஆதிசேஷய்யா வேலூரில் பிறந்தவர். யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர். அதற்கு முன் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் பொருளாதார ஆசிரியர்.

முதல் வேலைக்கு ஜே-பால் தெற்காசியா, கிரியா பல்கலைக்கழகத்தின் லீட் போன்ற ஆய்வு அமைப்புகளைப் பார்க்கலாம். கணக்கெடுப்பாளராக நுழைந்து மேற்பார்வையாளராக உயர்வதும் ஒரு வழி. தமிழில் சரளமாகப் பேசுவது இங்கே தகுதி. அரசுப் பக்கம், 2022-ல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இரண்டாண்டு அனுபவம் தருகிறது.

ஐ.நா.வுக்கு வழிகள் பல. தன்னார்வலர் திட்டத்தின் இளையோர் பிரிவு 18 முதல் 26 வயது வரை. இளம் வல்லுநர் தேர்வுக்கு 32 வயதைத் தாண்டக் கூடாது. அந்த ஆண்டின் நாடுகள் பட்டியலில் இந்தியா இருந்தாக வேண்டும். இந்தியர்களை மட்டுமே எடுக்கும் உள்நாட்டு அலுவலர் பதவிகள் பலரின் கண்ணில் படுவதில்லை. பிரெஞ்சு தெரிந்தால் மேற்கு ஆப்பிரிக்கப் பணிகளுக்கு உதவும். விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி எதற்கும் ஐ.நா. கட்டணம் வாங்குவதில்லை. பணம் கேட்டு வரும் நியமனக் கடிதம் போலி.