பேச்சும் படிப்பும் தடைபட்ட பிள்ளை: பெற்றோர் கடமை



சில வீடுகளில் மூன்று வயதாகியும் பிள்ளை பேசுவதில்லை. வேறு சில வீடுகளில் புத்தியுள்ள பிள்ளையே எழுத்துக் கூட்டத் தெரியாமல் தினமும் அடி வாங்குகிறது. "யார் செய்த பாவமோ" என்று அயலார் முணுமுணுக்கிறார்கள். பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர்கள் இதையே கேட்டபோது, அவனும் அவனைப் பெற்றவர்களும் அதற்குக் காரணமல்லவென்று ஆண்டவர் மறுத்தார் (அருளப்பர் 9). ஆகையால் அந்தப் பாரத்தை இறக்கிவையுங்கள்.

செவிடும் திக்குவாயுமான ஒருவனை ஆண்டவர் குணமாக்கிய விதத்தைக் கவனியுங்கள் (மாற்கு 7). முதலில் அவனைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப் போனார். பிறகு அவன் காதுகளில் விரல்களை இட்டு, நாவைத் தொட்டார். காது கேளாதவனுக்கு விளங்கும்படி கையினால் பேசினார். இதில் நமக்கு மூன்று பாடங்கள் உண்டு.

முதலாவது, தனியே கவனியுங்கள். விருந்தாளிகள் முன் "பேசிக் காட்டு" என்று வற்புறுத்தாதீர்கள். அண்ணன் தம்பியோடு ஒப்பிடாதீர்கள். ஒன்றைக் கேட்டால் பதில் வருமட்டும் பொறுத்திருங்கள்.

இரண்டாவது, பிள்ளைக்கு விளங்கும் வழியில் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை போதும். படமும் சைகையும் பேச்சைக் கெடுக்குமென்று பயப்பட வேண்டாம். அவை பேச்சுக்குத் துணையே.

மூன்றாவது, தாமதிக்காதீர்கள். முதலில் காது கேட்கிறதாவென்று பரிசோதியுங்கள்; பின்பு பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சுக் குறைபாட்டையும் கற்றல் குறைபாட்டையும் ஏற்கிறது. நூற்றுக்கு 40-க்குக் குறையாத குறைபாடு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையுண்டு.

"மந்திரங்களைப் பாராமல் சொல்லத் தெரியாதே, புது நன்மை எப்படி?" என்று சிலர் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். இது தவறு. 1910-ல் அர்ச். பத்தாம் பத்திநாதர் சிறுவரிடம் கேட்டது மனப்பாடமல்ல. சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வேற்றுமை அறிவதும், வயதுக்கேற்ற பக்தியுமே. அர்ச். பிரான்சிஸ் சலேசியார் மார்ட்டின் என்ற செவிட்டூமை வாலிபனுக்குச் சைகைகளாலேயே ஞானோபதேசம் கற்பித்து, அவனை நற்கருணைக்கு ஆயத்தப்படுத்தினார். பீடத்தைக் கண்டதும் கைகூப்பி மௌனமாயிருக்கும் பிள்ளை, நாவு சொல்லாததை இருதயத்தால் சொல்லுகிறது.

அப்படிப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டிலிருந்தால், ஞாயிறு பூசை முடிந்ததும் என்னிடம் அழைத்து வாருங்கள். மற்றவர்களே, கோவிலில் அந்தப் பிள்ளை சத்தமிட்டால் திரும்பிப் பார்த்து முகஞ்சுளிக்க வேண்டாம். அதுவும் நம்மைப் போல் ஞானஸ்நானம் பெற்ற சர்வேசுரனுடைய பிள்ளையே.

— பங்குக் குரு