முயற்சி பயன் தரும் என்னும் கல்வி



“அடங்கிக் கிடப்பதே இம்மக்களின் இயல்பு, முயற்சி இவர்கள் பிறப்பில் இல்லை” என்று ஒடுக்கப்பட்டோர்மீது நெடுங்காலமாக ஒரு பழி சுமத்தப்பட்டு வருகிறது. நம்மவருள்ளும் சிலர் இதனை நம்பிவிடுகின்றனர். பரம்பரையாக வந்தது என்பதற்காக மட்டும் எதனையும் ஏற்க வேண்டாம் எனக் காலாமர்க்குப் பகவான் அறிவுறுத்தினார். ஆதலின் இப்பழியையும் சோதித்தே துணிதல் வேண்டும். உயிர்கள் கற்கும் விதத்தை ஆராயும் உளநூல் இதற்குத் துணை செய்கிறது.

சோதனை

அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்னும் இருவர் நடத்திய சோதனை 1967-இல் வெளியாயிற்று. அவர்கள் 24 நாய்களை எட்டெட்டாக மூன்று பிரிவுகள் ஆக்கினர். முதற்பிரிவு நாய்களுக்கு மின்னதிர்ச்சி தரப்பட்டது. தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அது நின்றுவிடும். இரண்டாம் பிரிவும் அதே எண்ணிக்கையில், அதே அளவான அதிர்ச்சியைப் பெற்றது. ஆனால் அவை என்ன செய்தாலும் அதிர்ச்சி நிற்கவில்லை. மூன்றாம் பிரிவிற்கு அதிர்ச்சியே இல்லை.

மறுநாள் எல்லா நாய்களும் தாழ்ந்த தடுப்புடைய பெட்டியில் விடப்பட்டன. தடுப்பைத் தாண்டினால் எந்த நாயும் துன்பத்தினின்று தப்பலாம். முதற்பிரிவும் மூன்றாம் பிரிவும் பெரும்பாலும் தாண்டக் கற்றன. இரண்டாம் பிரிவின் எட்டில் ஆறு நாய்களோ பத்து முறைகளில் ஒன்பது முறையேனும் தப்பாது துன்புற்றுக் கிடந்தன.

வாயற்ற உயிர்களை வதைத்துப் பெற்ற அறிவு இது. முதற்சீலத்தை ஏற்ற நாம் இம்முறையைப் போற்றுதற்கில்லை. எனினும் அது காட்டிய உண்மையை அறிதல் நன்று.

மூன்று பிரிவு எதற்கு?

நூல் அடிக்கடி அறுந்தால் குற்றம் பஞ்சிலா, இயந்திரத்திலா என அறிய, அதே பஞ்சை வேறோர் இயந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பது நூலாலைத் தொழிலாளர் அறிந்த வழி. ஒன்றை மட்டும் மாற்றி, ஏனையவற்றை ஒத்திருக்கச் செய்தாலன்றிக் காரணம் புலப்படாது. இங்கு முதலிரு பிரிவுகளும் பெற்ற துன்பம் ஒன்றே. வேறுபாடு, தன் செயலால் பயன் உண்டா இல்லையா என்பதே. ஆகவே அவற்றை முடக்கியது பிறப்புமன்று, துன்பம் மட்டுமுமன்று. முயற்சி பயனற்றுப்போன அனுபவமே.

மருந்து

1968-இல் அவர்கள் வேறொன்றையும் வெளியிட்டனர். முடங்கிய நாய்களைக் கயிற்றால் பலமுறை தடுப்பிற்கு அப்பால் இழுத்துக் காட்டியபின், அவை தாமே தாண்டத் தொடங்கின. அனுபவத்தால் வந்த முடக்கம் அனுபவத்தாலேயே நீங்கிற்று. 2016-இல் அவ்விருவரும் தம் பழைய விளக்கத்தைத் தாமே திருத்தினர்: நீடித்த துன்பத்தில் முடங்குதல் கற்றுக்கொள்வதன்று, உயிரின் இயற்கையான எதிர்விளைவு, ‘என் செயலால் பயன் உண்டு’ என்பதே கற்க வேண்டிய பாடம் என்றனர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்குப்பின் தம் கொள்கையைத் தாமே மாற்றிய இந்நேர்மை, காலாமர்க்கு உரைத்த நெறிக்கு இசைந்ததன்றோ?

தம்மம் கூறுவது

பகவான் காலத்தில் மக்கலி கோசாலர், முயற்சியும் ஆற்றலும் வீண், யாவும் விதி என்று போதித்தார். அக்கொள்கையை, நெய்த ஆடைகளுள் இழிந்ததாகிய மயிர்க்கம்பளத்திற்குப் பகவான் ஒப்பிட்டார். எண்வகை மார்க்கத்தில் நல்முயற்சியை ஓர் உறுப்பாக வைத்தார்.

நம் கடமை

மனிதன் நாயல்லன்; ஒரு சோதனையால் சமூகத்தை முழுதும் அளந்துவிட இயலாது. எனினும் இரு கடமைகள் தெளிவாகின்றன. துன்பத்தை இழைப்பதை நிறுத்துவது முதலாவது. தீண்டாமையை ஒழித்த 17-ஆம் விதியுடன் நம் அரசியலமைப்பு 1950-இல் நடைமுறைக்கு வந்தது. அதனை ஊர்தோறும் மெய்யாக்கும் போராட்டம் இன்னும் முடியவில்லை. அடிப்பவனை விட்டு, முடங்கியவனைக் குறை கூறுவது அறமன்று.

இரண்டாவது, முயற்சியின் பயனைக் கைக்குக் காட்டுதல். மாலைப் பள்ளியில் கற்பிப்போர் சிறுவனுக்கு அவனால் முடிக்கத்தக்க சிறு கணக்கை முதலில் தருக. அவன் முடித்ததை அவனே காணச் செய்க. பிறகு கடினமானதைத் தருக. காரணமின்றி அடித்தால், எது செய்தாலும் அடியே என்று அவன் கற்பான். சங்கக் கூட்டத்தில் வாய்திறவாத சகோதரியிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்து, அவர் முடிவை நிறைவேற்றுக. வெறும் உபதேசம் செய்யாததை இவை செய்யும்.

தடுப்பு தாழ்ந்ததே என்பதைத் தாண்டியவனே அறிவான். முதன்முறை தாண்டும்போது கைகொடுப்பதே சங்கத்தின் வேலை.

நமோ புத்தாய.